சித்திரம் பழகுவோம்: ஓலை வீடு



இவ்வாரம் யாழ்ப்பாணத்து ஓலை வீடொன்றை வரைவோம். 4 அங்குல நீளமும் 1½ அங்குல உயரமுமுள்ள நீள்சதுரம் சுவராகட்டும். அதன் மேலே 2 அங்குல உயரத்தில், 3 அங்குல நீளமான முகட்டுக் கோட்டை நடுவாக இடுங்கள். அதன் முனைகளிலிருந்து சரிவுக் கோடுகளை இறக்கி, சுவருக்கு அப்பால் இருபுறமும் அரை அங்குலம் நீட்டி, அடியை இணையுங்கள்.

சுவரிலும் கூரை பெரிதாயிருப்பது ஏன்? சரிவு மிகுந்தால் மழைநீர் ஓலையில் தங்காது வழிந்தோடும். நீண்ட இறவாரம் மண்சுவர் கரையாது காக்கும். கூரையைச் சிறிதாக்கினால் அவ்வீடு ஒரு மாரிக்கும் நில்லாது!

இனி வாயில், திண்ணை, கிடுகு வேலி, படலை, பனை ஆகியவற்றைச் சேருங்கள். இத்தகைய வீடுகள் இன்று அருகிவிட்டன. ஆதலால், படத்தை ஆச்சியிடம் காட்டி, விடுபட்டது யாதெனக் கேட்டறிந்து, அதனையும் வரையுங்கள்.