அன்னார் இன்னாரின் அன்புத் தந்தை

எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை மறைத்துக்கொண்டு இந்த வாரம் ஒரு பேனர் நிற்கிறது. பேனர்கள் மேல் எனக்கிருக்கும் பகை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதில்லை. காதுகுத்து பேனரைத் திட்டி எழுதியபோது, "உமக்கு வேற சோலியே இல்லையா?" என்று கார்டு போட்ட திருச்செந்தூர் வாசகர் இதையும் படிப்பார் என்று தெரிந்தேதான் ஆரம்பிக்கிறேன். இது கண்ணீர் அஞ்சலி பேனர்.

நடுவில் இறந்தவர். கீழே வரிசையாக உயிரோடிருக்கும் பதினேழு பேர். ஒருவர் கைகூப்புகிறார், ஒருவர் கூலிங்கிளாஸ் போட்டிருக்கிறார், ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே அஞ்சலி செலுத்துகிறார். மேலே மேகம், மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளிச்சம், இரண்டு புறா. இறந்தவருக்கு நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டியிருக்கிறார்கள். மனிதர் வேலைக் காலம் முழுக்க ரேஷன் கடையில் எடை போட்டவர். அரைக்கைச் சட்டையும் மடித்துக்கட்டிய வேட்டியும் தவிர வேறு கோலத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. "கோட்டுக்கு அளவு குடுக்க அப்பா டெய்லர் கடைப் பக்கமே போனதில்ல மாமா" என்றாள் மூத்த மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், முடிக்கும்போது அழுதாள். டிசைன் போடுகிற பையன் கம்ப்யூட்டரில் கோட்டு தயாராக இருக்கிறது. தலையை வெட்டி ஒட்டினால் ஆயிற்று.

2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் இறந்தபின், இனி பேனரே வைக்க மாட்டோம் என்று கட்சிகள் வரிசையாக அறிக்கை விட்டன. அந்த அறிக்கைகள் என்னவாயின, உயர் நீதிமன்றம் சொன்னது என்னவாயிற்று என்று காரசாரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கேதத்துக்குப் போய் வந்ததிலிருந்து மனசு வேறெங்கோ நிற்கிறது.

நீர்மாலை எடுத்து, கோடி போட்டு, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. சுடுகாட்டில் வைத்து ஒரு பிரமுகர் மைக் பிடித்தார். அன்னார் பண்பாளர், பழகுவதற்கு இனியவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். மூன்று வாக்கியத்தில் இறந்தவர் முடிந்துவிட்டார். மிச்ச நேரமெல்லாம் எங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் வந்த வரலாறு. வேறு இருவர் பேசினார்கள். அவர்களும் அதே 'பண்பாளர்'தான் சொன்னார்கள். அந்த மைக்கை அப்படியே பக்கத்துச் சிதைக்குத் தூக்கிப்போயிருந்தாலும் ஒரு சொல் மாற்ற வேண்டியிருக்காது.

குடும்பத்துக்காக வாழ்ந்தவர் என்றால் என்ன செய்தார்? தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மகள்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே மனைவிக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. காலையில் கடை திறக்கப் போகுமுன் வாசல் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளுக்கும் இவர்தான் தலை பின்னிவிடுவார். தேங்காயெண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பனை மடித்துக் கட்டி. வகிடு தராசு முள் மாதிரி நேராக நிற்கும். தெருப் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பள்ளி ஆண்டு விழா வந்ததும் அவரவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இவளுக்கும் ஒரு சடை போட்டு விடுங்க" என்று அதே திண்ணையில் வந்து நின்றார்கள். சீப்பில் சுற்றிய முடியை எடுத்துச் சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். வாசலில் போட மாட்டார், பெண்பிள்ளை முடி காலில் படக் கூடாதாம். இதைச் சொல்ல அன்றைக்கு ஒரு மைக் கிடைக்கவில்லை.

எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர். சின்ன வயதில் எங்கள் வீட்டு ரேடியோவில் சென்னையைவிடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்கும். இலங்கை வானொலியின் பாட்டுகளைப் பற்றி நம் பக்கத்து எழுத்தாளர்கள் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது மரண அறிவித்தல். அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் ஆவார். அம்மா அடுப்படியிலிருந்து, "எத்தனை பிள்ளையாம்?" என்று கேட்பாள். கடைசிப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் மருமகன் பெயர் வரவில்லையென்றால், "அதைக் கட்டிக் குடுக்காமப் போயிட்டாரே" என்று முன்பின் தெரியாத மனிதருக்காக மூக்கைச் சிந்துவாள்.

அந்த வாக்கியத்தில் வேலைக்கோ பட்டத்துக்கோ பெரிய இடம் கிடையாது. மகன், கணவன், தகப்பன், மாமன், பேரன் என்று மனிதரை உறவாலேயே கட்டி நிறுத்தும். இன்றைக்கும் வீரகேசரியிலும் உதயனிலும் அதே வாக்கியம்தான் அச்சாகிறது. வதிவிடங்கள்தான் கூடிப்போயின. பிறப்பிடம் வேலணை, பிறகு வவுனியா, பிறகு ஸ்காபரோ. போர் எங்கே துரத்தியது, பிள்ளை எங்கே கூப்பிட்டது என்பதெல்லாம் முற்றுப்புள்ளிக்கு முன்னால் வந்துவிடும்.

அதோடு விடுகிறவர்கள் இல்லை யாழ்ப்பாணத்துச் சைவர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து, வீட்டுக்கிருத்தியம், மத்தியான போசனம். சாப்பிட்டு எழுந்தவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். நினைவு மலர் என்றும் போடுவார்கள். இப்போது திருச்சியில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கொடுக்கக் கொடுக்க, என் அலமாரியில் ஒரு தட்டு இவற்றுக்கே போய்விட்டது. "செத்தவங்க புஸ்தகத்தை எதுக்கு வீட்டுல அடுக்குறீங்க?" என்று என் மனைவி கேட்பதை நிறுத்தி நாளாகிறது. இப்போது அவளும் எடுத்துப் படிக்கிறாள்.

முதல் பக்கத்தில் படம். அடுத்து திதி வெண்பா. எந்த ஆண்டு, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதியில் உயிர் போனது என்பதை நாலடிக்குள் வைத்துவிடுவார் உள்ளூர்ப் புலவர். நாள்காட்டி தொலைந்தாலும் திவசம் தவறாது. பிறகு தேவாரத்தில் தொடங்கிப் பெரியபுராணம் வரை பஞ்சபுராணம். பிறகு வாழ்க்கை வரலாறு, வம்சாவளி. பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். எல்லாவற்றையும் எழுதியவர் ஒரே புலவர் என்பதால் எழுபது வயது மனைவியும் ஏழு வயதுப் பேத்தியும் ஒரே சந்தத்தில் அழுவார்கள். எனக்கு வேண்டியவர்கள் கோபித்தாலும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பாட்டுகளில் பாதி வெறும் சரக்கு. பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் பொருந்தும், நம் சுடுகாட்டு 'பண்பாளர்' போலத்தான்.

தங்கம் உரைநடையில் இருக்கிறது. அதிலும் மகளோ பேத்தியோ எழுதும் ஒன்றரைப் பக்கத்தில். ஒரு கல்வெட்டை நான் அடிக்கடி எடுப்பேன். இறந்தவர் கொழும்பில் அரசாங்க குமாஸ்தா. குடும்பம் யாழ்ப்பாணத்தில். அந்தத் தலைமுறையில் அப்படி ஆயிரக்கணக்கான தகப்பன்மார் இருந்தார்கள். உழைப்பு கொழும்பில், உயிர் ஊரில், நடுவே 1956-ல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி. லீவில் வந்து இறங்கினால் முதல் வேலை வேலியடைப்பு என்று எழுதுகிறார் மகள். போன வருஷத்துக் கிடுகைப் பிரித்துப் போட்டுப் புதுக் கிடுகு கட்டுவாராம். அம்மா உள்ளேயிருந்து, "வந்ததும் வராததுமா வேலியோ?" என்று கத்துவாராம். கோட்டை ஸ்டேஷனில் வாங்கி வந்த ஒரேயொரு ஆப்பிளை ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாக நறுக்கிக் கொடுத்துவிட்டு, விதையோடு நடுத்தண்டைத் தான் சப்புவாராம். ஆப்பிளில் நடுத்தண்டுதான் ருசி என்று அப்பா சொன்னதைக் கலியாணம் ஆகும்வரை நம்பியதாக எழுதியிருக்கிறார்.

1990-ல் ரயில் நின்றது. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமமே ஒரு ராத்திரியில் எழுந்து நடந்தபோது, இவர் கண் தெரியாத தன் தாயைச் சைக்கிள் கேரியரில் வைத்து, மழையில், நாவற்குழிப் பாலத்து நெரிசலில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அதற்கு ஒரே ஒரு வரிதான். அடுத்த வரியே கனடா. அங்கே பனியில் பேத்தியின் கையைப் பிடித்துத் தமிழ் வகுப்புக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போன அப்பப்பா. பேத்தி எழுதிய பக்கத்தில் ழகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடக்கின்றன. திருத்தாமல் அப்படியே அச்சிட்டவர் வாழ்க.

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. அதன்பின் ஓடிய ஓட்டங்களில் வீட்டு உறுதிகளும் படங்களும் போயின. ஊரின் பள்ளிக்கூடம், குளம், கோயில், யார் யாருக்கு என்ன உறவு என்பதையெல்லாம் இன்று தேடுகிறவர்களுக்கு இந்தச் சாவுவீட்டுப் புத்தகங்கள் கைகொடுக்கின்றன. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் இவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருக்கிறார்கள். கவர்னர்களின் குறிப்பேடுகளில் வராத தகப்பன்கள் அங்கே இருக்கிறார்கள்.

நமக்கும் இந்தப் பழக்கம் ரத்தத்தில் இல்லாமல் இல்லை. சங்கப் பாட்டில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. பெரும்பாலும் மன்னருக்கும் வள்ளலுக்கும் வீரருக்கும்தான் பாடினார்கள், ஐந்து பிள்ளை வளர்த்தவனுக்கு இல்லை. ஆனாலும் அதியமானுக்காக ஒளவை அழுத புறநானூற்று 235-ஆம் பாட்டைப் பாருங்கள். போர்க்களத்தில் ஆரம்பிக்கவில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்த நாளில் யாருக்கு ஊற்றினான், நிறையக் கிடைத்த நாளில் எப்படிக் குடித்தார்கள், சோறு எப்படிப் பங்கானது என்று பந்தியிலிருந்து ஆரம்பிக்கிறாள். தகடூர் மன்னனையே சாப்பாட்டு நேரத்தில் வைத்துத்தான் அவளால் அழ முடிந்திருக்கிறது.

இனி உ.வே.சா. (வந்துவிட்டார், வராமல் இருப்பாரா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) 'என் சரித்திரம்' 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது கதை முடியாமலே நின்றது. எல்லோரும் அதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தேடுவார்கள். நான் வேங்கடசுப்பையரைத் தேடுவேன். உ.வே.சா.வின் தகப்பனார், சங்கீதக்காரர். மகனுக்குத் தமிழ்ப் பித்து என்று தெரிந்ததும் எந்த ஊரில் ஒரு வாத்தியார் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம். போகிற ஊரில் இராமாயணப் பிரசங்கம் செய்து கிடைத்ததில் அடுப்பு எரிகிறது. கடைசியில் 1871-ல் மாயூரத்துக்கு அழைத்துப்போய் மகாவித்துவானிடம் ஒப்படைக்கிறார். சுவடி தேடி மகன் அலைந்த அலைச்சலை நாடே கொண்டாடுகிறது, அதற்கு முன்னால் வாத்தியார் தேடி அலைந்த கால்கள் தகப்பனுடையவை. அவருக்குச் சிலையில்லை. மகன் எழுதிய பக்கங்கள் இருக்கின்றன, அது போதும்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் பதினாறாம் நாள் விசேஷம். நம் பக்கத்திலும் அன்றைக்கு ஒரு புத்தகம் கொடுக்கிற வழக்கம் பரவியிருக்கிறது. கந்த சஷ்டி கவசமோ அபிராமி அந்தாதியோ, பின்னட்டையில் இறந்தவர் படம், தோற்றம் மறைவு தேதிகள். மகள் அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கவசத்துக்குப் பின்னால் நாலு பக்கம் காலியாகப் போடச் சொல்லு என்றேன். "எழுத எங்களுக்கு என்ன மாமா தெரியும்?" என்றாள். சடை போட்டதை எழுது, உன் தங்கச்சி வேறொன்று எழுதட்டும், அம்மா சொல்வதை நீ கேட்டு எழுது, என்னிடம் மட்டும் எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்துவிடாதே என்றேன். ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரும், தவிர்க்க முடியாது. கவசம் அச்சடிக்கும்போது நாலு பக்கம் கூடுதலாகப் போடுங்கள். 'பண்பாளர்' என்ற சொல் வராமல் எழுதுங்கள். வேலைக்குப் போகுமுன் என்ன செய்வார், கடைசித் துண்டு யாருக்குப் போகும், எதற்குக் கோபம் வரும் என்று எழுதுங்கள். கோபத்தை விட்டுவிடாதீர்கள், பேரன் பேத்திகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். அச்சானதும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.