ஹோட்டல் ரூம் ‘பாதி விலை’ டீல்: ஏலம் கேட்பது நீங்களா, உங்களை வைத்து வேறு யாராவதா?

துறையூரில் இருந்து நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் இரண்டு நாள் சென்னைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மெரினா, எழும்பூர் மியூசியம், தி.நகரில் கொஞ்சம் துணி எடுக்கும் வேலை. சனிக்கிழமை இரவு தங்க ஒரு ரூம் வேண்டும். மொபைலில் ஆப்பைத் திறந்தால், ரூ.4,000 என்ற விலையை அடித்துவிட்டுப் பக்கத்தில் ரூ.1,500 என்று காட்டுகிறது. கீழே சிவப்பு எழுத்தில், ‘இன்னும் ஒரு ரூம்தான் பாக்கி!’

விரல் தானாக ‘புக்’ பட்டனுக்குப் போகும். அதற்கு முன் ஒரு நிமிடம் நின்று இதைப் படித்துவிடுங்கள்.

இந்தத் தள்ளுபடி எல்லாமே பொய் இல்லை. ஆனால் சும்மாவும் வருவதில்லை. நாம் எதையோ விட்டுக்கொடுப்பதால்தான் விலை குறைகிறது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து புக் செய்தால் லாபம், தெரியாமல் செய்தால் நஷ்டம்.

ஹோட்டல்காரர் ஏன் விலையைக் குறைக்கிறார்?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் காலையில் ஒரு விலைக்கு விற்ற கீரைக்கட்டு சாயங்காலம் ஏன் இறங்குகிறது? நாளைக்கு அது வாடிவிடும். ஹோட்டல் ரூமும் அப்படித்தான். இன்று ராத்திரி காலியாகக் கிடந்த ரூமை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. அதனால் வந்த விலைக்குக் கொடுத்தாலும் வரவுதான்.

சிக்கல் என்னவென்றால், விலையைக் குறைத்தோம் என்று வெளியே தெரிந்தால், முழு விலை கொடுக்கிறவரும் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார். இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ‘பெயர் சொல்லாத டீல்’.

நாமே விலை சொல்லும் முறை எப்படி வந்தது?

அமெரிக்காவில் பிரைஸ்லைன் என்ற நிறுவனம் 1998-ல் ‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்று தொடங்கியது. ஊரின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எவ்வளவு தருவீர்கள் என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. கிரெடிட் கார்டு எண்ணையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு ஹோட்டல் சம்மதித்தால் உடனே பணம் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஹோட்டலின் பெயரே தெரிந்தது. ரத்து செய்தால் பணம் திரும்ப வரவில்லை.

நம் பக்கத்துப் பருத்தி விவசாயிகளுக்கு இது புதிதாக இருக்காது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் மறைமுக ஏலத்தில், அடுத்தவர் என்ன விலை எழுதினார் என்று வியாபாரிக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே வியாபாரி பருத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை எழுதுவார். இங்கே சரக்கைப் பார்க்காமலேயே விலை எழுத வேண்டியிருந்தது.

நம்மூரில் பலரும் பயன்படுத்தும் ஆப்களில் இப்படி நேரடியாக விலை கேட்கும் முறை பரவலாக இல்லை. கடைசி நேர டீல், லாகின் செய்தவருக்கு மட்டும் விலை, ரத்து செய்ய முடியாத விலை என்று வேறு பெயர்களில் வருகிறது.

அப்போ இன்று ஏலம் கேட்பது யார்?

பல தளங்களின் விலையை ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காட்டும் சேவைகளில் ஏலம் நடக்கிறது. ஆனால் கேட்பது நாம் இல்லை. நம் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருவோம் என்று புக்கிங் நிறுவனங்கள் கேட்கின்றன.

ஆஸ்திரேலியாவில் டிரிவாகோ நிறுவனத்தின் மீது நடந்த வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மலிவான ரூமை எளிதாகக் கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்துவிட்டு, கிளிக்குக்கு அதிகப் பணம் தருகிறவர்களின் விலையை முன்னால் காட்டியது என்று அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. மேலே காட்டப்பட்ட ஹோட்டல் விலைகளில் 66.8 சதவீதம், அதைவிட மலிவான விலை இருந்தும் மேலே வந்தவை. 2022-ல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

மேலே இருப்பதே மலிவு என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

இந்தியாவில் என்ன நடந்தது?

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு ரூ.223.48 கோடியும், ஓயோவுக்கு ரூ.168.88 கோடியும் அபராதம் விதித்தது. ‘எங்கள் தளத்தில் இருப்பதைவிடக் குறைந்த விலைக்கு வேறு தளத்திலோ உங்கள் சொந்த இணையதளத்திலோ ரூம் தரக் கூடாது’ என்று ஹோட்டல்களுக்கு மேக்மைட்ரிப் போட்ட நிபந்தனை இதில் முக்கியமானது. இரு நிறுவனங்களும் மேல்முறையீட்டுக்குப் போயின.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நான்கு ஆப்பில் பார்த்தும் ஒரே விலை வந்தால், அதுதான் சந்தையின் குறைந்த விலை என்று முடிவுகட்ட முடியாது. ஹோட்டலின் கை கட்டப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ரூ.1,500 எப்படி ரூ.2,400-ஐ நெருங்குகிறது?

ஓர் உதாரணக் கணக்கு:

• ஆப்பில் காட்டிய விலை: ரூ.1,500
• ஜிஎஸ்டி 5 சதவீதம்: ரூ.75
• சேவைக் கட்டணம்: ரூ.120
• ஊருக்கு வெளியே இருப்பதால் போய்வர வண்டிச் செலவு: ரூ.700
• மொத்தம்: ரூ.2,395

எழும்பூரிலேயே ரூ.2,000-க்கு ஒரு ரூமை நேரடியாக எடுத்திருந்தால், வரியோடு ரூ.2,100-ல் முடிந்திருக்கும்.

‘சென்னை’ என்று தேடினால் நகரின் ஓரங்களில் இருக்கும் ஹோட்டலும் சேர்ந்துதான் வரும். திருச்சியில் இருந்து போகும் பஸ்கள் இப்போ கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து தி.நகர் பக்கத்தில் இல்லை.

திருச்சிக்கு வருகிறவர்களுக்கும் இதே குழப்பம்தான். ‘பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்’ என்றால் எந்த பஸ் ஸ்டாண்ட்? துறையூர் பஸ் வரும் சத்திரமா, ஜங்ஷன் அருகே இருக்கும் மத்திய பேருந்து நிலையமா, 2025 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்த பஞ்சப்பூரா? ஸ்ரீரங்கம் கோயிலுக்கு விடியற்காலையில் போக நினைப்பவர், பஞ்சப்பூர் பக்கம் மலிவாக ரூம் எடுத்துவிட்டு ஆட்டோவுக்கு அலைய வேண்டியிருக்கும்.

வரியில் கவனிக்க வேண்டியது என்ன?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை வாடகை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேல் 18 சதவீதம்.

ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு செய்யாத சிறிய லாட்ஜில் நேரடியாகத் தங்கினால் வரி கிடையாது. அதே லாட்ஜை ஆப் வழியாக எடுத்தால் வரி உண்டு. அதைக் கட்டும் பொறுப்பு ஆப் நிறுவனத்துக்கு.

‘ஒரே ஒரு ரூம்தான் பாக்கி’ என்றால் நம்பலாமா?

பொய்யாக அவசரம் காட்டுவது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, கேட்காமலேயே இன்சூரன்ஸைச் சேர்ப்பது ஆகிய மூன்றும் 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்டவை. மொத்தம் 13 வகை ஏமாற்று உத்திகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. இப்படி நடந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

நேரடியாக போன் செய்தால் லாபமா?

பல நேரம் ஆமாம். “அண்ணே, ஆப்ல இவ்வளவு காட்டுது, நேர்ல வந்தா எவ்வளவு?” என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆப்புக்குப் போகும் கமிஷன் மிச்சம் என்பதால், ஹோட்டல்காரருக்கும் இறங்கி வர இடம் இருக்கிறது. நாமே விலை சொல்லும் ஏலம் உண்மையில் இதுதான்.

ஆனால் போன் நம்பர் சரியானதா என்று பார்ப்பது முக்கியம். புனிதத் தலங்களுக்குப் போகிறவர்களைக் குறிவைத்துப் போலி புக்கிங் தளங்களும் போலி எண்களும் உலவுவதாக மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. முன்பணம் முழுவதையும் தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கோயில் நிர்வாகத்தின் யாத்ரி நிவாஸ், திருச்சியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு போன்றவற்றை அவற்றின் அதிகாரப்பூர்வ தளத்திலேயே பார்க்கலாம்.

புக் செய்யும் முன் ஐந்து விஷயங்கள்

1. அடித்துக் காட்டிய பழைய விலையைப் பார்க்காதீர்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

2. பட்டியலை ‘குறைந்த விலை முதலில்’ என்று மாற்றிப் பாருங்கள். பிறகு மேப்பில் தூரத்தைப் பாருங்கள்.

3. ரத்து செய்தால் பணம் வருமா என்பதைப் படியுங்கள். ஆஸ்பத்திரி, இன்டர்வியூ போன்ற தேதி மாறக்கூடிய பயணங்களுக்கு ‘ரத்து இல்லை’ டீல் வேண்டாம்.

4. முந்தின நாள் ஹோட்டலுக்கே போன் செய்து, புக்கிங் அவர்கள் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். சில லாட்ஜ்களில் உள்ளூர் ஆதாருக்கு ரூம் தர மாட்டார்கள். துறையூர்க்காரர் திருச்சியில் தங்கும்போது இதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

5. வைகுண்ட ஏகாதசி போன்ற நாட்களில் கடைசி நேர டீலுக்காகக் காத்திருக்காதீர்கள். காலி ரூம் இருந்தால்தான் தள்ளுபடி. ஊரே ஸ்ரீரங்கத்தில் கூடும் நாளில் ஹோட்டல்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

தேதி மாறாது, தனியாகத்தான் போகிறீர்கள், எந்த ஏரியாவாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் பெயர் தெரியாத டீலைத் தாராளமாக எடுக்கலாம். வயதான அம்மா அப்பாவையோ கைக்குழந்தையையோ கூட்டிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குப் போய் இறங்குகிறீர்கள் என்றால், மிச்சமாகும் ஐந்நூறு ரூபாய்க்காக அந்த ரிஸ்க் தேவையா என்று யோசித்துவிட்டு பட்டனை அழுத்துங்கள்.