காய்ச்சல்காரனிடம் காசு கேட்கலாமா?

2024 நவம்பரில் பெங்களூர் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டணங்கள் உயர்ந்தன. புறநோயாளிச் சீட்டு 10 ரூபாயிலிருந்து 20 ரூபாயாயிற்று. உள்நோயாளியாகச் சேரும் சீட்டு 25 ரூபாயிலிருந்து 50 ஆயிற்று. இரத்தப் பரிசோதனை 70 ரூபாயிலிருந்து 120 ஆயிற்று. பத்திரிகைகள் சில நாள் எழுதின, எதிர்க்கட்சியினர் கண்டித்தார்கள், பிறகு எல்லாம் ஓய்ந்தது. உயர்ந்த கட்டணம் மட்டும் இறங்கவில்லை.

"ஐம்பது ரூபாய் ஒரு பெரிய தொகையா? தனியார் லேபரட்டரியில் இதைவிடப் பல மடங்கு வாங்குகிறார்களே!" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம்மிடையே நான்கு காசு சேர்த்துவிட்ட சிலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. விக்டோரியா ஆஸ்பத்திரியும் வாணி விலாசும் மாநில சர்க்காருடையவை, மாநகராட்சியுடையவை அல்ல என்பது உண்மையே. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி காட்டிய வழியில்தான் நாளை மாநகராட்சியின் நகர ஆரம்ப சுகாதார நிலையமும் பிரசவ ஆஸ்பத்திரியும் நம்ம கிளினிக்கும் நடக்கும். ஆகவே, மாநகராட்சி லேபரட்டரியில் எதற்குக் கட்டணம் வாங்கலாம், எதற்கு வாங்கவே கூடாது, அதை யாரைக் கேட்டு நிர்ணயிக்க வேண்டும் என்பதை இப்போதே பேசிவிட வேண்டும். கட்டணப் பலகை மாட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

முதலில் நம் வீட்டுக் கணக்கு. ஈஜிபுராவிலோ தேவரஜீவனஹள்ளியிலோ லிங்கராஜபுரத்திலோ குடியிருக்கும் ஒரு சித்தாள் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால், அவள் கொடுப்பது இரத்தப் பரிசோதனைக்கான காசு மட்டுமா? அன்றைய கூலி போகிறது. கூடப் போகிறவரின் கூலியும் போகிறது. பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று 2023 ஜூனில் சக்தித் திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் கர்நாடக விலாசமுள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதார் அட்டையில் இன்னமும் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்ப் பெயரே இருக்கும் நம் பெண்கள் சீட்டு வாங்கித்தான் ஏறுகிறார்கள். இரத்தம் கொடுத்த மறுநாள் முடிவை வாங்கி வர இன்னொரு கூலி. நம்ம கிளினிக்குகள் பெங்களூரில் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது வைத்த நேரம் காலை 9 மணி முதல் மாலை நாலரை வரை. கட்டட வேலைக்குப் போகிறவன் அந்த நேரத்தில் எங்கே இருப்பான்? சாரத்தின் மேல் இருப்பான். இந்தச் செலவுகளின் மேல் ஏற்றி வைக்கும் இன்னொரு ஐம்பது ரூபாயை, ஐம்பது ரூபாய் என்று மட்டும் எண்ணுவது சரியல்ல. "இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்" என்று சொல்ல வைப்பது அந்தக் கடைசிப் பாரமே.

நாளை பார்க்கலாம் என்பதன் விலை என்ன? டெங்குவை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் கண்ட முதல் ஐந்து நாட்களுக்குள் செய்ய வேண்டியது என்எஸ்1 என்ற சோதனை. அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற வேறொரு சோதனை. காசு புரட்டிக்கொண்டு ஏழாம் நாள் வருகிறவனுக்கு முதல் சோதனை ஏமாற்றிவிடக்கூடும், நோயிருந்தும் இல்லை என்று காட்டும். அது மட்டுமா? காய்ச்சல் அடிக்கும் அந்த முதல் நாட்களில்தான் நோயாளியைக் கடிக்கும் ஏடிஸ் கொசு கிருமியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அது பகலில் கடிக்கும் கொசு. சாக்கடையில் அல்ல, தெளிந்த தண்ணீரில் முட்டையிடுவது. குழாயில் தண்ணீர் தினமும் வராத நம் சந்துகளில் டிரம்மும் குடமும் நிறைத்து வைக்காமல் வாழ முடியுமா? ஆகவே ஒரு வீட்டில் சோதனை ஒரு வாரம் தள்ளிப் போனால், அந்தச் சந்து முழுவதும் அதற்குக் கட்டணம் செலுத்துகிறது. அதற்கு ரசீது மட்டும் கிடைப்பதில்லை.

2024-இல் இது கண்ணெதிரே நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் கர்நாடகத்தில் டெங்கு கண்டவர்கள் 25 ஆயிரத்தைத் தாண்டினார்கள். அவர்களில் மிகப் பலர் பெங்களூர்க்காரர்கள். ஜூலையில் சர்க்கார் தனியார் லேபரட்டரிகளுக்கு உச்ச விலை வைத்தது: என்எஸ்1 எலைசா 300 ரூபாய், ஐஜிஎம் எலைசா 300 ரூபாய், உடனடி அட்டைச் சோதனை 250 ரூபாய். செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. விலைக்கு வரம்பு கட்டியதை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் மூவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த 300 எத்தனை ஆகிறது? சர்க்கார் நிலையத்தில் இலவசம் என்றார்கள். உண்மைதான். ஆனால் "கிட் தீர்ந்துவிட்டது, வெளியே பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லைக் கேளாத குடும்பம் நம்மில் எத்தனை உண்டு? இலவசம் என்று பலகையில் எழுதிவிட்டு அலமாரியைக் காலியாக வைப்பதும் ஒரு வகைக் கட்டணமே. நேர்மையற்ற கட்டணம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

கட்டணம் வைத்தால் என்ன நடக்கும் என்பது உலகத்துக்குப் புதிதல்ல. 1987-இல் உலக வங்கி ஏழை நாடுகளுக்கு உபதேசம் செய்தது: சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளிடம் காசு வாங்குங்கள், அப்போதுதான் நிர்வாகம் திருந்தும் என்று. கென்யா நாடு 1989-இல் அதைச் செய்தது. நைரோபி நகரில் பால்வினை நோய்களுக்கென இருந்த சர்க்கார் மருத்துவ நிலையத்துக்கு வந்த ஆண்களின் எண்ணிக்கை, கட்டணம் வைத்த மாதங்களில் முன்பிருந்ததில் 40 சதவிகிதமாகவும், பெண்களின் எண்ணிக்கை 65 சதவிகிதமாகவும் இறங்கிவிட்டது. நோய் குறைந்ததால் அவர்கள் வராமல் இருக்கவில்லை. நோயோடு வீட்டுக்குப் போனார்கள், அதை வீட்டிலுள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். மறுவருடமே அந்தக் கட்டணம் எடுக்கப்பட்டது. உகாண்டா 2001-இல் சர்க்கார் நிலையங்களில் கட்டணத்தை ஒழித்தபோது ஏழைகள் திரண்டு வந்தார்கள். அதுவரை எங்கே இருந்தார்கள்?

இதற்கு நைரோபிவரை போக வேண்டியதும் இல்லை. நமது பெங்களூரிலேயே, பல்லாரி சாலையில், 1959-இல் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் இருக்கிறது. அதைச் சேர்ந்தவர்கள் துமகூரு மாவட்டத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 1963-இல் வெளியாயிற்று. காசநோய் கண்ட கிராமத்தார் அறியாமையில் வீட்டோடு கிடக்கிறார்கள் என்று படித்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆய்வு சொன்னதோ வேறு: அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தாமாகவே சர்க்கார் வைத்தியசாலைக்குப் போயிருந்தார்கள், அங்கே பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. சளியைப் பரிசோதிக்கும் வசதி அருகில் இருக்கவில்லை. வந்தவர்களின் சளியைப் பக்கத்து நிலையத்திலேயே நுண்ணோக்கியில் பார்ப்பது, மருந்தும் அங்கேயே கொடுப்பது என்ற தேசியத் திட்டம் இந்தப் பாடத்தில் வளர்ந்ததுதான். இன்றும் காசநோய்ச் சளிப் பரிசோதனை சர்க்கார் நிலையங்களில் இலவசம். ஏன் இலவசம்? நோயாளி ஏழை என்ற கருணையினால் மட்டும் அல்ல. அவன் இருமினால் ஏழையல்லாதவனுக்கும் தொற்றும் என்பதனாலும்தான்.

இந்த நியாயம் காசநோய்க்குப் பொருந்துமானால் டெங்குவுக்கும், மலேரியாவுக்கும், காலராவுக்கும், மஞ்சள் காமாலைக்கும், குடிதண்ணீர்ச் சோதனைக்கும் ஏன் பொருந்தாது? தொற்றக்கூடிய நோயைக் கண்டுபிடிக்கும் எந்தச் சோதனைக்கும் மாநகராட்சி ஒரு காசும் வாங்கக் கூடாது; எந்த அட்டையையும் கேட்கக் கூடாது என்பதே நமது நிலை. 2024 ஏப்ரலில் பெங்களூர் மருத்துவக் கல்லூரி மாணவியர் விடுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கில் படுத்தபோது, தண்ணீர் மாதிரியும் உணவு மாதிரியும் உடனே சோதனைக்குப் போயின. அது முறையான காரியம். நம் சந்தில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடிக்கும்போதும் அதே சுறுசுறுப்பைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அட்டை விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மாநில சர்க்காரின் ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு முழுச் செலவையும் சர்க்கார் ஏற்கும். மற்றவருக்கு 30 சதவிகிதம் மட்டுமே. அந்த வறுமைக்குச் சாட்சி இங்கே வாங்கிய ரேஷன் கார்டு. பத்து வருடம் இந்த ஊருக்குக் கல் சுமந்தவனிடம் இருப்பதோ கிருஷ்ணகிரி கார்டு. ஆக அவன் இந்த நகரத்தின் கணக்கில் வசதி படைத்தவன்! வாடகைச் சீட்டு எழுதித் தர மறுக்கும் வீட்டுக்காரர், விலாசம் இல்லாததால் கார்டு இல்லை, கார்டு இல்லாததால் சலுகை இல்லை. இந்தச் சுழலில் ராய்ச்சூரிலிருந்தும் கலபுரகியிலிருந்தும் வந்த கன்னடத் தொழிலாளியும் நம்மோடு சேர்ந்தே சுற்றுகிறார். அவரது கார்டும் ஊரில் கிடக்கிறது. இது தமிழன், கன்னடியன் என்ற பிரச்சினை அல்ல. அப்படி ஆக்க யாராவது முனைந்தால் நாம் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

"எல்லாமே இலவசமென்றால் பணத்துக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. எல்லாமே இலவசம் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனி தன் ஆட்களுக்கு உடல்தகுதிச் சான்று கேட்டால் அந்தச் சோதனைக்கான முழுச் செலவையும் கம்பெனி கட்டட்டும். ஓட்டல் முதலாளி தன் சமையல்காரர்களைச் சோதிக்க வேண்டியிருந்தால் அவர் கட்டட்டும். சமையல்காரர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அடுக்குமாடிக் கட்டடக்காரர் தம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குச் சான்று கேட்டால் அவரிடம் நன்றாகவே வாங்கலாம். சர்க்கரை, கொழுப்பு முதலான சோதனைகளுக்கு, கொடுக்க முடிந்தவர்களிடம் ஒரு சிறு நிலையான கட்டணம் வைத்தாலும் நாம் கூச்சலிடப் போவதில்லை. அந்தக் கட்டணம் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் வாசலில் எழுதியிருக்க வேண்டும், வாங்கும் காசுக்கு ரசீது தர வேண்டும் என்பதே அதற்கு நமது நிபந்தனை.

பணம் இல்லாமலும் இல்லை. 1996-ஆம் வருடச் சட்டப்படி கட்டடச் செலவில் ஒரு சதவிகிதம் தொழிலாளர் நல வரியாகக் கர்நாடகத்தில் வாங்கி வந்தார்கள். இந்த நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்களைக் கட்டிய கைகளுக்காக வசூலித்த பணம் அது. அந்தக் கைகளிலிருந்து எடுக்கும் இரத்தத்தைச் சோதிக்க நல வாரியம் மாநகராட்சிக்கு நேரடியாகப் பணம் கட்டினால் என்ன? கட்டட இடத்தில் கொசு முட்டை கண்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று 2024-இல் விதி செய்தார்கள். வசூலான அபராதத்தை அந்த இடத்துக் கொட்டகைகளில் வாழ்கிறவர்களின் சோதனைக்கே ஒதுக்கலாமே.

கடைசியாக, யாரைக் கேட்டு? பழைய மாநகராட்சிக் கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து வருடம் தேர்தலே நடக்கவில்லை. வார்டு மெம்பர் என்று ஒருவர் இருந்தால் வாசலில் நின்று கேட்கலாம். அதிகாரி போட்ட உத்தரவை எந்த வாசலில் நின்று கேட்பது? 2025 செப்டம்பரில் அந்த ஒரு மாநகராட்சி ஐந்தாகிவிட்டது. 1898-இல் பிளேக் வந்தபோதும் பெங்களூர் இரண்டு நிர்வாகத்தில் இருந்தது: நகரம் மைசூர் சமஸ்தானத்திடம், தண்டு வெள்ளைக்காரனிடம். எலி எந்த எல்லையையும் மதிக்கவில்லை. இரண்டும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின. இன்று ஐந்து மாநகராட்சியும் ஐந்து விதமாகக் கட்டணம் வைத்தால், சாலைக்கு இந்தப் பக்கம் இலவசம், அந்தப் பக்கம் 120 ரூபாய் என்ற கூத்தையும் பார்க்க நேரும். கட்டணம் ஐந்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை அறிவிப்பதற்கு முன் நகல் வெளியிட்டு, குடிசைப் பகுதிகளில் கூட்டம் போட்டு, தொழிற்சங்கங்களையும் நம்மைப் போன்ற சங்கங்களையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் ஒரு நிலையமாவது இரவு எட்டு மணிவரை இரத்தம் எடுக்க வேண்டும்.

மனு எழுதும் வேலையைச் சங்கம் செய்யும். வெறும் மனுவுக்கு எடை இல்லை. ஆகவே தோழர்களும் தாய்மார்களும் ஒன்று செய்யுங்கள். இந்த மழைக்காலத்தில் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த நிலையத்துக்குப் போனீர்கள், எந்தத் தேதி, என்ன சோதனை, எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நாள் கூலி போயிற்று என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கிட் இல்லை என்றால், இல்லை என்று சீட்டிலேயே எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தின் கணக்கையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதுகளை எறியாமல் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.