செத்தும் தீராத சேரி

போர் வீரர்களை நினைவுகூர்கிறார்களாம். நவம்பர் 11 வந்தால் எக்காளம், மலர்வளையம், மரியாதை. டெல்லியில் மைசூர், ஐதராபாத், ஜோத்பூர் சமஸ்தானக் குதிரைப்படைகளுக்கு 1922இல் எழுப்பிய மூன்று சிலைகள் நிற்கின்றன. 2018இல் அந்தச் சதுக்கத்துக்கு ஹைஃபா என்ற பெயரையும் சேர்த்து ஒட்டினார்கள். ஈட்டி பிடித்தவனுக்குச் சிலை. சரி, பீ வாளி பிடித்தவனுக்கு?

சுக்கா கல்லூ என்று ஒருவர். பரேலிப் பக்கத்துக்காரர். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் நடந்த ஆஸ்பத்திரியில் மலம் அள்ளியவர். 1915 ஜனவரியில் இறந்தார். வயது 30. தீண்டப்படாதவன் பிணத்தை எரிக்க மாட்டோம் என்றார்கள் இந்துக்கள். முஸ்லிம் இல்லாதவரை எங்கள் இடத்தில் புதைக்க முடியாது என்றது வோக்கிங் மசூதி. கடைசியில் உள்ளூர்ப் பாதிரியார் தன் கோயில் கல்லறையில் இடம் கொடுத்தார். ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள்.

கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்கிறது சாஸ்திரம். எங்க கெட்டுச்சு? பத்திரமா கப்பல்ல ஏத்திக்கிட்டுல்ல போயிருக்கான்!

உடனே வெள்ளைக்காரத் துரைக்குக் கும்பிடு போட வேண்டாம். பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியாக்கி ஒன்பது சமையற்கட்டு வைத்ததும் தீண்டப்படாத வேலையாட்களைத் தனிக் கூடாரத்தில் போட்டதும் அவன்தான். பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினான். இந்திய அதிகாரிக்கும் வெட்டினான். இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயரும் செத்தவர் எண்ணிக்கையும். போர்க் கல்லறை ஆணையம் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள 2021 ஆனது.

சிப்பாய்க்கே இந்தக் கதி. அந்தப் போருக்கு எடுக்கப்பட்ட ஏறத்தாழ 14 லட்சம் இந்தியர்களில் சுமார் 5,63,000 பேர் சிப்பாய்களே அல்ல. தண்ணீர் சுமந்தவர், கக்கூஸ் கழுவியவர், மூட்டை தூக்கியவர், ரோடு போட்டவர். அவர்களுக்குப் படையில் பேர் 'பின்தொடர்வோர்'. ஊருக்குள்ளயும் பின்னாலதான், போர்லயும் பின்னாலதான்.

துப்பாக்கி பிடித்த நம்மாட்களும் உண்டு. பறையர்கள் நிறைந்திருந்த சென்னைப் பயனீர் படை 1914இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நின்றது. 1933இல் பயனீர் படைகளையே கலைத்துவிட்டான். போர்ச் சாதி அல்ல என்று 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியவன், ஆள் பற்றாமல் 1917இல் 111வது மகர் படையை எழுப்பினான். காரியம் முடிந்ததும் 1921இல் கலைத்தான்.

"வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்தவர்களை நாம் ஏன் நினைக்கணும்?" என்று தேசபக்தர்கள் கேட்கலாம். 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து இதே பட்டாளத்துக்கு ஆள் கேட்டவர் காந்தி. ஆள் சேர்த்தவர் மகாத்மா, சேரியிலிருந்து போனவன் துரோகியா? கூலி, சோறு, காலுக்குச் செருப்பு, பிள்ளைக்குப் படிப்பு. இதையெல்லாம் உங்கள் ஊர் கொடுத்திருந்தால் அவன் ஏன் போகிறான்? பட்டாளத்துச் சுபேதார் ராம்ஜியின் மகன்தான் அம்பேத்கர். அதை மறக்க வேண்டாம்.

ஏகாதிபத்தியத்தின் போரை நாம் கொண்டாடவில்லை. அதில் செத்தவர்களிலும் ஊர், சேரி பிரிக்கும் நினைவை மறுக்கிறோம்.

தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஒரு பழைய கல் இருக்கும். 1914-1919 பெரும் போருக்கு இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று. எண்ணிக்கை இருக்கும், பேர் இருக்காது. அந்தக் கல்லைத் தேடிப் போங்கள். அப்புறம் சேரிக்குப் போங்கள். "பட்டாளத்துத் தாத்தா யாரு?" என்று கிழவிகளிடம் கேளுங்கள். சொல்லும் பேரை எழுதுங்கள். வாளி தூக்கியவர் பேரை முதலில் எழுதுங்கள்.