தட்டின் பூர்வீகம்

நாற்பது வயதைத் தாண்டியவனுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தால் அது லேசில் விடாது என்பார்கள். எனக்குப் பிடித்திருப்பது இசைத்தட்டு வாங்குகிற பைத்தியம். காலாப்பட்டில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ராத்திரியில் கடல் இரைவது கேட்கும். “இந்தச் சத்தம் போதாதென்று அந்தக் கரகரப்பு வேறு வேண்டுமா?” என்று என் மனைவி கேட்கிறாள். வேண்டியிருக்கிறதே, என்ன செய்வது?

சென்ற மாதம் புத்தம் புதிய தட்டு ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். ஐம்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களின் பாட்டுகள். விலை 3,200 ரூபாய். படங்களின் பெயரைச் சொன்னால் கம்பெனியின் பெயர் தெரிந்துவிடும். என் சண்டை ஒரு கம்பெனியோடு மட்டும் அல்ல, ஆகையால் சொல்லவில்லை. அட்டை வெகு ஜோர். ஒரு மூலையில் தங்க எழுத்தில் “180 கிராம்” என்று போட்டிருந்தது. இன்னொரு மூலையில் “மூல ஒலிப்பதிவிலிருந்து புதுப்பிக்கப்பட்டது” என்று கண்டிருந்தது. கையில் எடுத்தபோது கனமாகத்தான் இருந்தது.

சுழல விட்டேன். ஊசி, அலைமேல் ஏறி இறங்கும் கட்டுமரம் மாதிரி போயிற்று, தட்டு வளைந்திருந்தது. சரி, போகட்டும் என்று கேட்டேன். பாடகி நீட்டிப் பிடித்த ஸ்வரம் ஒன்று ஊஞ்சலாடியது. நடுத்துளை நடுவில் இல்லை. அதையும் பொறுத்துக் கொண்டேன். மூன்றாவது பாட்டில் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். அரை நிமிஷத்தில் முப்பத்தொன்பது ‘டிக்’. அப்படியானால் நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு.

இந்தக் கணக்கின் சூட்சுமத்தை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். நான் வாங்கியது நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலே ஓடுகிற தட்டு. அதில் குறுக்கே ஒரு கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒரு தடவை வீதம் அரை நிமிஷத்தில் பதினாறு, பதினேழு தடவை சத்தம் வரும். முப்பத்தொன்பது தடவை வருவதற்கு ஒரே வழிதான் உண்டு. யாரோ எங்கேயோ வைத்திருந்த பழைய எழுபத்தெட்டு சுற்று அரக்குத் தட்டைச் சுழலவிட்டு, அதிலிருந்து பாட்டைப் பிடித்து, அந்தத் தட்டின் கீறலையும் சேர்த்து எனக்கு விற்றிருக்கிறார்கள். ‘மூல ஒலிப்பதிவு’ என்று அட்டையில் கண்டது இதைத்தான்!

பழைய தட்டிலிருந்து பிரதி எடுப்பது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது யாராவது ஒரு ரசிகர் பத்திரமாக வைத்திருந்த தட்டு ஒன்றுதான். அதைத் தேடிப்பிடித்து, துடைத்து, தகுந்த ஊசி வைத்துப் பிரதி எடுப்பது புண்ணிய காரியம். ஏட்டுச்சுவடியைப் பார்த்து எழுதி அச்சில் ஏற்றியவர்களை நாம் கையெடுத்துக் கும்பிடவில்லையா? ஆனால் அவர்கள் இன்ன ஊரில், இன்னாரிடம் கிடைத்த பிரதி, இந்த இடத்தில் ஏடு சிதைந்திருந்தது என்று முகவுரையில் எழுதினார்கள். அந்த முகவுரையைத்தான் நான் கேட்கிறேன்.

காலாப்பட்டிலிருந்து புதுச்சேரிப் பட்டணத்துக்குப் போகிற பஸ், நடுவில் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டைத் தொட்டுவிட்டு மறுபடியும் புதுவைக்குள் நுழைகிறது. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கோணல் எல்லை அப்படி. அந்தப் பஸ்ஸில் ஏறி, ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தைக்குப் போகிறேன். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்களின் வீட்டுச் சாமான்கள்கூட அங்கே நடைபாதைக்கு வந்து சேர்வதுண்டு. ஒரு பெரியவர் கோணியை விரித்துத் தட்டுகளை அடுக்கியிருப்பார். பக்கத்தில் பாட்டரியில் ஓடும் பழைய பெட்டி ஒன்று. நான் ஒரு தட்டை எடுத்தால் உடனே காசு கேட்கமாட்டார்.

“வெயில்ல சாய்ச்சுப் பாருங்க சார். இந்தப் பக்கம் ரெண்டாவது பாட்டு கொஞ்சம் போயிருக்கு. போட்டுக் காட்டறேன், கேட்டுட்டு எடுங்க.”

முந்நூறு ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு உத்தரவாதம். என் பத்து வயதில், எங்கள் ஊர் கடைத்தெருவில் பாட்டுகளைக் காஸெட்டில் பதிந்து தருகிற கடை ஒன்று இருந்தது. எழுதிக் கொடுத்த ஜாபிதாவைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, “தம்பி, அஞ்சாவது பாட்டுல ஒரு எடத்துல ஊசி எகிறும். பரவால்லையா, வேற பாட்டு போடட்டுமா?” என்று கேட்பார். நடைபாதைக்காரர் சொன்னார், காஸெட்டுக் கடைக்காரர் சொன்னார். மூவாயிரத்து இருநூறு ரூபாய் வாங்கின கம்பெனி மாத்திரம் சொல்லவில்லை.

‘180 கிராம்’ என்ற தங்க எழுத்துக்கு வருகிறேன். இன்று இதுதான் பெரிய வசியம். 120, 140 கிராமிலேயே அருமையான தட்டுகள் எத்தனையோ வந்திருக்கின்றன. எடைக்கும் நாதத்துக்கும் அப்படியொன்றும் நேரடி உறவு கிடையாது. என் நாவலைக் கனத்த காகிதத்தில் அடித்தால் அதிலுள்ள அச்சுப் பிழைகள் குறைந்துவிடுமா? தட்டின் குணம் வேறு இடங்களில் தீர்மானமாகிறது. வார்னிஷ் போன்ற பூச்சின்மேல் ஊசியால் வரி வெட்டுகிறவருடைய காதில் முதலில். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து உரித்தெடுக்கும் அச்சில் அடுத்தபடியாக. சூடான இரண்டு அச்சுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கட்டியை வைத்து நசுக்கிக் குளிரவைக்கும் அந்த அரை நிமிஷத்தில் கடைசியாக. சரியாகக் குளிருமுன் எடுத்தால் தட்டு வளையும். துளை மயிரிழை விலகினால் ஸ்வரம் ஆடும். தேய்ந்த அச்சை மாற்றாமல் ஓட்டினால் இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றையும் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லுகிற கட்சியும் நான் அல்ல. கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆலையிலிருந்து வந்த பழைய தட்டுகள் சிலவற்றில், பாட்டுக்குப் பின்னால் மணல் சலிக்கிற சத்தம் இருக்கத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் வழியாக வந்த ஒலி என்றாலே தீட்டு என்று முகம் சுளிப்பவனும் அல்ல. 2022 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. மொபைல் ஃபிடலிட்டி என்ற கம்பெனி, மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்தவை என்று சொல்லி உயர்ந்த விலைக்குத் தட்டுகள் விற்று வந்தது. நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது அப்போதுதான் வெளியாயிற்று. அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டுத் தலையாட்டியவர்களே வழக்குப் போட்டார்கள். ஒலி நன்றாயில்லை என்பதல்ல அவர்கள் குறை, மறைத்தார்கள் என்பதுதான். கடைசியில் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. அங்கே வாங்குகிறவன் கோர்ட்டுக்குப் போகிறான். இங்கே நாம் அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

ஆம், குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடந்தான் அதைச் சுழற்றும் கருவி இருக்கிறதாம். பிறரைச் சொல்வானேன்? என் அலமாரியிலேயே மேலுறை பிரிக்காத தட்டுகள் மூன்று இருக்கின்றன. கேட்காதவனுக்கு விற்பது சுலபம். கேட்காதவர்கள் பெருகப் பெருக, வளைந்த தட்டும் விலைபோகும் என்பதைக் கம்பெனிக்காரர் கற்றுக்கொள்கிறார்.

“இந்த அளவுக்காவது வருகிறதே என்று சந்தோஷப்படுங்கள். தமிழ்த் தட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? நீங்கள் இப்படிக் குற்றம் கண்டுபிடித்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள்” என்றார் ஒரு நண்பர். பசித்தவன் என்பதற்காக ஊசிப்போன சோற்றைப் போடலாம் என்கிற நியாயம் இது. அதுவும் இலவசச் சோறு அல்ல. மூவாயிரத்து இருநூறு ரூபாய்ச் சோறு. என் புத்தகத்தில் ஒரு பாரம் விட்டுப் போயிருந்தால், பதினாறு பக்கந்தானே, கதை புரிந்துவிடும் என்று எந்தப் பதிப்பாளரும் சொல்வதில்லை. வேறு பிரதி தருகிறார். வளைந்த தட்டைத் திருப்பி அனுப்புகிறேன் என்று நான் எழுதியபோது, “வினைல் என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. அப்படித்தான் இருக்கும் என்றால் அதையும் அட்டையில் தங்க எழுத்தில் போட்டு விற்பதுதானே?

இந்தப் பேச்சை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்து எழுபத்தெட்டு சுற்றுத் தட்டுகளுக்கெல்லாம் உயிர்நாடியாக இருந்தது நம் நாட்டு அரக்கு. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்தார். 1908-ல் அங்கே ஸியால்டாவில் தட்டு ஆலையே வந்தது. 1928-ல் அது டம்டம்முக்குப் போயிற்று. பிற்பாடு காஸெட்டும் குறுந்தட்டும் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டன. வெகுகாலம் நம் பாட்டுகள் ஐரோப்பாவுக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வந்தன. 2024-ல் மும்பைப் பக்கம் மறுபடியும் ஓர் ஆலை ஓடத் தொடங்கிற்று. தொழில் குழந்தையாக இருக்கிறபோதே ஒழுங்கைக் கற்பிக்க வேண்டும். வளர்ந்த பிறகு திருத்த முடியாது.

நான் கேட்பது அட்டையின் பின்புறத்தில் மூன்று வரி. எதிலிருந்து எடுத்தது, யார் வெட்டியது, எங்கே அழுத்தியது. எட்டணாவுக்கு விற்ற காலத்திலிருந்து பிஸ்கோத்துப் பொட்டலம் எவ்வளவோ மாறி, இன்று அதற்குள் என்ன இருக்கிறது என்று அதிலே அச்சடித்திருக்கிறது. செத்துப்போன ஒரு மகா கலைஞரின் குரலுக்கு அந்த மரியாதைகூட இல்லையா? “இந்தப் பாட்டுக்கு நாடா கிடைக்கவில்லை, பழைய தட்டிலிருந்து எடுத்தோம், மூன்றாவது பாட்டில் கீறல் கேட்கும்” என்று எழுதியிருந்தால், அதே தட்டை அதே விலைக்கு நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். அந்தக் கீறல்கூட எனக்குப் பிரியமானதாகி இருக்கும். யாரோ ஒருவர் அந்தப் பாட்டைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி அல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதுத் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். பெரியவர் அதை வாங்கி, வெயிலில் சாய்த்து, கண் மட்டத்தில் வைத்து ஒருமுறை பார்த்தார்.

“இதை நான் விக்க மாட்டேன் சார்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.