உப தபாலதிபர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி குறித்த கண்டன அறிக்கை

பிரித்தானியாவில் சிறு கடை நடத்தும் தமிழர்களின் சங்கம் என்ற வகையில் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். எங்களில் சிலர் கடையின் ஒரு மூலையில் தபால் கவுண்டரும் வைத்திருப்பவர்கள். பாலும் பாணும் பத்திரிகையும் விற்கிற அதே கையால் ஓய்வூதியக் காசையும் எண்ணிக் கொடுப்பவர்கள். தபால் கிளைகளில் காசு குறைவதாகப் பிழையாகக் காட்டிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளின் பெயரால் இந்த நாட்டின் உப தபாலதிபர்களுக்கு நடந்ததை எங்களால் வெளியார் கதையாகப் பார்க்க முடியாது. பிழைவிட்ட கணினியைக் காப்பாற்றுவதற்காக நேர்மையான மனிதர்களைக் கள்ளர் ஆக்கிய போஸ்ட் ஒஃபிஸ் நிறுவனத்தையும், அந்த மென்பொருளைச் செய்து கொடுத்த ஃபுஜிட்சு நிறுவனத்தையும், போஸ்ட் ஒஃபிஸின் ஒரே சொந்தக்காரராக இருந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்த அரசாங்கங்களையும் எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 700 பேர் மீது வழக்குப் போட்டது பொலிஸ் அல்ல, போஸ்ட் ஒஃபிஸ் நிறுவனம். காசு குறைகிறது என்று முறைப்பட்டதும் விசாரித்ததும் நீதிமன்றத்துக்கு இழுத்ததும் ஒரே ஆட்கள்தான்.

கடை நடத்தாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவில் ஷட்டரை இழுத்துவிட்டு, லாச்சியைக் கொட்டித் தாளைத் தாளாக, சில்லறையைச் சில்லறையாக எண்ணும் அந்த அரை மணி நேரம் ஒரு கடைக்காரருக்கு நாளின் தீர்ப்பு நேரம். பத்துப் பவுண் குறைந்தாலே அன்றிரவு நித்திரை வராது. மிச்சம் எவ்வளவு கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று படுக்கையில் கிடந்து யோசித்துக்கொண்டிருப்போம். ஹொரைசன் வந்தபின் உப தபாலதிபர்களுக்குக் குறைந்தது பத்துப் பவுண் அல்ல. ஆயிரக்கணக்கில் குறைந்தது.

ஹம்ப்ஷயரின் சவுத் வோர்ன்பரோ கிராமத்தில் கடை வைத்திருந்த ஜோ ஹமில்டன் ஒரு நாள் 2,000 பவுண் குறைவு காட்டுகிறது என்று உதவித் தொலைபேசிக்கு அழைத்தார். அவர்கள் சொன்ன பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். அவருடைய கண் முன்னே அந்தத் தொகை இரண்டு மடங்கானது. அதையும் அவரே கட்ட வேண்டும் என்றார்கள். கடைசியில் 36,000 பவுண் களவெடுத்தார் என்று குற்றம் சாட்டி, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஊர்ச்சனம் காசு சேர்த்துக் கொடுத்தது. நீதிமன்றத்துக்கும் திரண்டு வந்தது. அந்த ஊர்ச்சனத்துக்குத் தெரிந்த உண்மை அத்தனை பெரிய நிறுவனத்துக்குத் தெரியவில்லை.

பொய்க்கணக்கு எப்படி வந்தது என்பதை விளக்காமல் விட்டால், "ஒப்புக்கொண்டார்களே, பிறகென்ன" என்று கேட்பவர்கள் இன்னும் இருப்பார்கள். தகராறான தொகையை ஒரு புறம் ஒதுக்கி வைத்து, விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கும் வசதி கிளைக் கணக்கில் முன்பு இருந்தது. 2005இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பின் கணக்கு முடிக்கும் நாளில் உப தபாலதிபருக்கு இருந்தது, சொந்தக் காசைப் போட்டு நிரப்புவது, அல்லது அந்தக் கடனைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்வது. இரண்டும் இல்லையென்றால் அடுத்த நாள் கவுண்டரைத் திறக்க முடியாது. காலையில் வாசலில் ஓய்வூதியம் எடுக்க வயோதிபர்கள் நிற்பார்கள். கையில் காசில்லாதவர்கள், அடுத்த மாதம் பிழை தானாகப் பிடிபடும் என்ற நம்பிக்கையில், இல்லாத காசை இருப்பதாகப் பதிந்து கையெழுத்து வைத்தார்கள். அந்தக் கையெழுத்தைத்தான் பிறகு குற்றமாகக் காட்டினார்கள். களவு வழக்கைக் கைவிடுகிறோம், பொய்க்கணக்கை ஒப்புக்கொள், காசைக் கட்டு என்று பேரம் பேசினார்கள். மறியலுக்குப் பயந்து பலர் தலையாட்டினார்கள். இதைத்தான் நாங்கள் எல்லாவற்றிலும் கேவலமானதாகப் பார்க்கிறோம்.

மென்பொருளில் பிழையே இல்லை என்றும் சொன்னார்கள். ஸ்கொட்லாந்தின் டல்மெல்லிங்டனில் 2015இல் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுண் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. பதிவு செய்யும்போது திரை உறைந்து நிற்கிறது. நாமெல்லோரும் செய்வதுபோல உப தபாலதிபர் திரும்பவும் பட்டனை அழுத்துகிறார். ஹொரைசன் அந்த 8,000 பவுணை நான்கு தரம் வரவு வைத்துவிட்டது. வராத 24,000 பவுண் வந்ததாகக் கணக்கு. அந்த 24,000 எங்கே என்று கேள்வி. இதே பிழை அதற்கு முந்திய பல வருடங்களில் வேறு கிளைகளிலும் நடந்திருந்தது. போதாததற்கு, ஃபுஜிட்சு ஊழியர்கள் தங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே, கிளைக்காரர் அறியாமல் கிளைக் கணக்கில் கைவைக்கவும் முடிந்தது. அப்படி முடியவே முடியாது என்று வருடக்கணக்காக மறுத்தார்கள்.

உதவி கேட்டு அழைத்தவர்களிடம், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை, வேறு யாருக்கும் இல்லை" என்று சொன்னார்கள். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் இதே பதிலைக் கேட்டார்கள். வேல்ஸில் தன் கிளையை இழந்த அலன் பேட்ஸ் இப்படிப்பட்டவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2009 மே மாதம் கம்பியூட்டர் வீக்லி சஞ்சிகை ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் ஃபென்னி கொம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் அவர்கள் முதன்முறையாகக் கூடினார்கள். தனக்கு நடந்ததையே பக்கத்துக் கதிரைக்காரர் சொல்லக் கேட்டபோது அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சங்கம் வைத்து நடத்துகிற எங்களால் உணர முடிகிறது.

சறே பகுதியின் வெஸ்ட் பைஃப்ளீட்டில் கடை வைத்திருந்தவர் சீமா மிஸ்ரா. எங்களைப் போல் தெற்காசியப் பின்னணி கொண்டவர். 74,000 பவுணுக்கு மேல் களவெடுத்தார் என்று 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். வயிற்றில் எட்டுக் கிழமைக் கரு. வெளியே வந்து, காலில் மின்னணுக் காவல் பட்டி கட்டிய நிலையில் பிள்ளை பெற்றார். கணவரை ஊரில் அடித்தார்கள். ஏறத்தாழ 60 கிளைகளின் கணக்கைக் குழப்பிய ஒரு மென்பொருள் பிழையைப் பற்றிய குறிப்பு அவருடைய விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பே போஸ்ட் ஒஃபிஸின் சட்டப் பிரிவுக்கு வந்திருந்தது. எதிர்த் தரப்புக்கு அதைக் கொடுக்கவில்லை. தீர்ப்பு வந்ததும் ஹொரைசன் மீதான தாக்குதலை முறியடித்துவிட்டதாக மகிழ்ந்து மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

ஆங்கிள்சி தீவின் உப தபாலதிபர் நோயல் தோமஸ் தன் அறுபதாவது பிறந்தநாளை மறியலில் கழித்தார். பிரிட்லிங்டனின் லீ காசில்டன் உதவித் தொலைபேசிக்கு 91 தடவை அழைத்தவர். போஸ்ட் ஒஃபிஸ் போட்ட வழக்கில், சட்டத்தரணி வைக்க வசதியில்லாமல் தனக்காகத் தானே வாதாடித் தோற்று, 321,000 பவுண் வழக்குச் செலவைச் சுமந்து வங்குரோத்து ஆனார். நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி 2025 ஜூலையில் வெளிவந்தது. குறைந்தது 13 பேர் இதனால் தம் உயிரை மாய்த்திருக்கக்கூடும் என்றும், குறைந்தது 59 பேர் அந்த எண்ணத்துக்கு வந்தார்கள் என்றும் அது பதிவு செய்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. விசாரணை அதிகாரிகளுக்கென்று போஸ்ட் ஒஃபிஸ் வைத்திருந்த வழிகாட்டி ஆவணமொன்று 2023இல் வெளியே வந்தது. அதில் சந்தேக நபர்களை இனவாரியாகக் குறிக்கும் பட்டியல் இருந்தது. கறுப்பினத்தவருக்குப் பழைய இனவாதச் சொல், எங்கள் போன்றவர்களுக்கு "இந்திய, பாகிஸ்தானிய வகைகள்" என்று ஒரு பெட்டி. எங்கள் முகத்தைப் பார்த்து எழுதப்பட்ட அந்த வரிக்காகவும் தனியாகக் கண்டனம் தெரிவிக்கிறோம்.

எங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் அனுபவத்தை அவர் சம்மதத்துடன் இங்கே சேர்க்கிறோம். அது ஹொரைசன் அல்ல. மாதக் கட்டணத்துக்கு எடுத்த வேறொரு கடைக் கணக்கு மென்பொருள். விற்றவர்களின் பெயர் இங்கே வேண்டாம். வாடிக்கையாளர் சாமானைத் திருப்பித் தந்து காசை வாங்கிப் போனால், அந்தக் காசைச் சில வேளைகளில் அது விற்பனையிலிருந்து கழிக்காது. கிழமைக்கு முப்பது, நாற்பது பவுண் குறைந்தது. ஏழு மாதம் இப்படியே போனது. கடையில் நின்றது ஊரிலிருந்து படிக்க வந்திருந்த மருமகன். இவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. லாச்சித் திறப்பை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். பையனுக்கு விளங்கிவிட்டது. அந்த மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டான். பிறகொரு நாள் பழைய ரசீதுகளை அடுக்கும்போதுதான் பிழை பிடிபட்டது. நிறுவனம் ஒரே நாளில் அதைத் திருத்திவிட்டது. மருமகன் இன்றுவரை அந்த வீட்டுப் படியேறவில்லை.

கிழமைக்கு நாற்பது பவுண் ஒரு குடும்பத்தில் இதைச் செய்யுமென்றால், 36,000 பவுணும் 74,000 பவுணும் என்ன செய்திருக்கும்? நகையை அடகு வைத்து, வீட்டின் மேல் கடன் எடுத்து, தாய் தகப்பனின் சேமிப்பைக் கரைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் கட்டி முடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வழக்கு நடந்தவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. இவர்களுடைய பெயர்கள் எங்கும் வரவில்லை.

உப தபாலதிபர்கள் 555 பேர் சேர்ந்து போஸ்ட் ஒஃபிஸுக்கு எதிராகப் போட்ட வழக்கில், 2019 மார்ச்சில் அவர்களுடனான ஒப்பந்தம் பற்றிய தீர்ப்பு தங்களுக்குப் பாதகமாக வந்ததும், நீதிபதி ஃபிரேசரையே மாற்றச் சொல்லி மனுப்போட்டது போஸ்ட் ஒஃபிஸ். அது பலிக்கவில்லை. அந்த டிசம்பரில் ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று அவர் தீர்ப்பெழுதினார். சமரசத் தொகை 57.75 மில்லியன் பவுண். வழக்குச் செலவு போக ஆளுக்கு ஏறத்தாழ 20,000 பவுண்தான் மிஞ்சியது. 2021 ஏப்ரல் 23இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்துச் செய்தது. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகம் ஒளிபரப்பாகி நாடே கொதித்த பிறகுதான், அதே வருடம் மே மாதத்தில் மற்றவர்களின் தண்டனைகளை நீக்கப் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. நீதிமன்றத் தீர்ப்பால் அசையாத அரசாங்கத்தை ஒரு நாடகம் அசைத்தது.

உப தபாலதிபர்களுக்கென்று தேசிய சம்மேளனம் ஒன்று இருந்தது. அங்கத்தவர்கள் வீட்டை இழந்துகொண்டிருந்தபோது அது ஹொரைசன் நம்பகமானது என்று பேசிக்கொண்டிருந்தது. அதற்குக் காசு போஸ்ட் ஒஃபிஸிடமிருந்தே வந்தது. அது சுயாதீனமான அமைப்பு அல்ல என்று நீதிபதி ஃபிரேசரும் சொன்னார். ஒரு சங்கமாக இருந்துகொண்டு இன்னொரு சங்கத்தைக் கண்டிப்பது எங்களுக்கு இலேசான காரியம் அல்ல. ஆனாலும் கண்டிக்கிறோம்.

எமது கோரிக்கைகள் இவை. நட்டஈட்டை இனியும் படிவம் படிவமாக இழுத்தடிக்காமல் கொடுத்து முடிக்க வேண்டும்; காத்திருந்தே கண்மூடியவர்கள் பலர். தாய் தகப்பன் சிறைபோனதால் படிப்பையும் நிம்மதியையும் இழந்த பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வேண்டும். ஃபுஜிட்சு தனக்குத் தார்மீகக் கடமை இருக்கிறது என்று 2024 ஜனவரியில் பாராளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டது. அந்தக் கடமை வரி செலுத்துபவர் தலையில் விழாமல் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வர வேண்டும். பிழை தெரிந்தும் மறைத்து நீதிமன்றத்தில் நின்றவர்கள் யாராக இருந்தாலும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும்.

இவற்றைவிட அவசரமானது சட்டத் திருத்தம். கணினி ஒழுங்காக இயங்கியது என்பதை நிரூபித்த பிறகே அதன் பதிவைச் சாட்சியாக எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்பு விதி இருந்தது. 1999இல் கொண்டுவந்த சட்டத்தால் அதை நீக்கினார்கள். அன்று தொட்டு, பிழை இருக்கலாம் என்று எதிராளி காட்டாதவரை, கணினி சரியாகவே வேலை செய்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவே அனுமதியில்லாத ஒரு கடைக்காரர் எதைக் காட்டுவார்? 2025இல் நீதி அமைச்சு இது பற்றிக் கருத்துக் கேட்டது. கேட்டால் மட்டும் போதாது. மென்பொருளின் கணக்கை வைத்து ஒருவரைக் கள்ளர் என்று சொல்ல வருபவர், அந்த மென்பொருளின் பிழைப் பதிவேட்டை முதலில் மேசையில் வைக்க வேண்டும். கணக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்களும் ஒரு கடையில் கண்ட பிழையை மற்றக் கடைகளுக்கு உடனே அறிவிக்கக் கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

எமது அங்கத்தவர்களுக்கு: 1999க்குப் பிறகு தபால் கவுண்டர் நடத்தி, கணக்கில் குறைந்ததாகச் சொல்லப்பட்ட காசைக் கட்டியவர்கள், நீங்கள் கட்டியது ஐந்நூறு பவுணாக இருந்தாலும், வெட்கப்பட்டு ஒளித்து வைக்க வேண்டாம். பழைய பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று, கடிதம், கொப்பியில் எழுதி வைத்த கணக்கு, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் வாருங்கள். நட்டஈட்டுப் படிவத்தை நிரப்பவும் சட்டத்தரணியிடம் கூடவே வரவும் ஆட்களை ஒழுங்குசெய்திருக்கிறோம். கட்டியவர் இப்போது உயிரோடு இல்லையென்றால் பிள்ளைகள் வரலாம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்