வியாசப் போட்டிகளும் நடுவர் கடமையும்

சுதந்திர தினம், காந்தி ஜயந்தி முதலிய நன்னாட்களில் நமது சங்கங்களும் கலாசாலைகளும் வியாசப் போட்டிகள் நடத்தி வருவது போற்றத்தக்கதே. ஆனால் பரிசு வழங்கிய மறுநாளே, காரியதரிசிக்கு வேண்டியவனுக்குக் கிடைத்தது, நடுவரின் மாணாக்கனுக்குக் கிடைத்தது என்ற முணுமுணுப்பு எழுவதும் வழக்கமாகிவிட்டது. அதில் பாதி தோற்றவர் பொறாமையே எனத் தள்ளினாலும், மீதிப் பாதிக்கு இடங்கொடாமல் காரியத்தை நடத்துவது சங்கத்தாரின் பொறுப்பன்றோ?

இவ்விஷயத்தில் சீன தேசத்தார் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெரும் ஜாக்கிரதை காட்டினர். ஸோங் வமிசத்தார் ஆட்சியில், ராஜாங்க உத்தியோகப் பரீக்ஷை எழுதினவன் பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்தனர். கையெழுத்தைக் கண்டு ஆளை அறிந்துகொள்வார்களோ என்று அஞ்சி, குமாஸ்தாக்களைக் கொண்டு விடைகளைப் பிரதி செய்வித்து, அப்பிரதிகளையே பரீக்ஷகர்களுக்குக் கொடுத்தனர். அங்ஙனமிருந்தும் 1057-ம் ஆண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவ்வாண்டின் தலைமைப் பரீக்ஷகர் ஒயாங் ஷியூ என்னும் பேரறிஞர். மிகச் சிறந்த ஒரு வியாசம் அவர் பார்வைக்கு வந்தது. இவ்வாறு எழுதவல்லவன் தம் மாணாக்கனாகிய ஸெங் குங்கே என ஊகித்தார். தம் சிஷ்யனையே உயர்த்தினாரென்ற அபவாதத்துக்கு அஞ்சி, அதனை இரண்டாமிடத்தில் வைத்தார். எழுதியவரோ ஸு ஷீ என்னும் இருபது வயது வாலிபர்; பின்னாளில் சீன மகாகவிகளுள் ஒருவராக விளங்கியவர். பக்ஷபாதத்துக்கு அஞ்சியதே அநீதியாய் முடிந்தது! எழுதியவன் இன்னானென்று சந்தேகம் தோன்றினால், மதிப்பெண்ணைக் குறைப்பது பரிகாரமன்று. அவ்வியாசத்தை வேறொரு நடுவரிடம் ஒப்புவித்து விலகிக்கொள்வதே முறை.

அதே பரீக்ஷையில் மற்றொரு கலகமும் விளைந்தது. மாணாக்கர் பலர் அந்நாளில் மெச்சிப் பயின்றுவந்த கரடுமுரடான நடையை ஒயாங் ஷியூ வெறுத்தார். அந்நடையில் எழுதியவர்களை அடியோடு தள்ளினார். தோற்றவர்கள் தெருவில் அவர் குதிரையை வழிமறித்து ஏசினார்கள். எளிய நடையை அவர் விரும்பியது நமக்கும் உடன்பாடே. எனினும், எது குணம், எது குற்றம் என்பது எழுதுகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

நம்மவரிடம் காணும் பெருங்குறை இதனினும் சூக்ஷ்மமானது. உயர்தரக் கல்வி தாய்மொழியிலேயே நடைபெற வேண்டுமென்பது நமது உறுதியான கொள்கை. அதனைப் பற்றியே ஒரு போட்டி வைத்து, ஒருவன் நம் கொள்கையை மறுத்து, தக்க ஆதாரங்களுடன் தெளிவாக எழுதிவிட்டானென வைத்துக்கொள்வோம். மற்றொருவன் தாய்மொழியை அன்னை, தெய்வம் என்று பத்துப் பக்கம் துதித்துவிட்டு, ஒரு நியாயமும் சொல்லாமல் முடிக்கிறான். பரிசு யாருக்குப் போகிறது? தயக்கமின்றிச் சொல்வோம்: பெரும்பாலும் இரண்டாமவனுக்கே. தேசபக்தியை வியாசத்துக்கு மார்க்காக எண்ணும் இப்பழக்கம், நமது வாலிபர்களுக்கு யோசிப்பதற்குப் பதிலாகக் கோஷமிடக் கற்பிக்கிறது. நம் பக்ஷத்துக்கு நாளை வாதாட வேண்டியவர்கள் இவர்களேயல்லவா?

இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டு தம்முள் மாறுபட்டபோது, உருத்திரசன்மன் என்னும் ஊமைப் பிள்ளையை நடுவனாக இருத்தினரென்று அந்நூலுரை கூறுகிறது. நல்லுரை கேட்டவிடத்து அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தானாம். நம் நடுவர்கள் ஊமைகளல்லர்! ஒருவர் வாய் திறந்ததும் மற்ற இருவரும் தலையசைத்துவிடுகிறார்கள். அவர் தலைமை நடுவராயிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொருவரும் தனித்திருந்து படித்து, மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்த பின்னரே ஒன்றுகூடிப் பேச வேண்டும். ஒரே மூச்சில் நூறு வியாசங்களைப் படிப்பவர், கடைசி இருபதைச் சோர்வோடுதான் பார்ப்பார். ஆகையால் மூவருக்கும் வெவ்வேறு வரிசையில் அடுக்கிக் கொடுப்பதும் நலம். இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை.

வரும் ஆகஸ்டு 15-ந் தேதிக்குப் போட்டி வைக்கக் கருதியிருக்கும் சங்கத்தார், நடுவர் பெயர்களோடு மதிப்பிடும் முறையையும் அறிவிப்பிலேயே வெளியிடுவார்களா?